மொட்டை மலையும் ஆற்றுக்குள் மரமும்

கேட்டவர் பாளையங்கோட்டைக்காரர், கல்லூரியில் படிக்கிறவர். ஸ்கைரிம் என்கிற கணினி விளையாட்டுக்கு, அதற்கென்றே இருக்கிற கிரியேஷன் கிட் என்ற மென்பொருளில் ஒரு புதிய உலகம் செய்கிறார். பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை, நம் திருநெல்வேலிச் சீமைதான் அந்த உலகம். நிலத்தின் ஹைட்மேப்பை, அதாவது ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் பதிந்த படத்தை, நீள அகலத்தில் இருபதில் ஒரு பங்காகவும், உயரத்தில் நாலில் ஒரு பங்காகவும் சுருக்கி ஏற்றிவிட்டார். பிறகு, எந்தப் பகுதியில் எந்த மரம் என்று எல்லை வரைகிற ரீஜன் எடிட்டரில் ஐந்திணைக்கு ஐந்து ரீஜன் வரைந்து, தானாகத் தூவச் சொல்லி ஜெனரேட் கொடுத்திருக்கிறார். வந்தது இது: மலை மொட்டை, ஆற்றுக்குள் மரம், சமவெளி முழுக்க நாற்று நட்ட மாதிரி ஒரே சீர், அங்கங்கே அந்தரத்தில் நிற்கிற மரங்கள். "எந்த நம்பரை மாற்ற வேண்டும்?" என்கிறார்.

தம்பி, நம்பருக்கு அப்புறம் வருவோம். நீங்கள் சொன்ன நாலு குறையில் மூன்று, ஜெனரேட் பட்டனை அழுத்துவதற்கு முன்பே நடந்துவிட்டவை. அந்தப் பட்டனுக்கு ஊர் தெரியாது, ஆறு தெரியாது. நீங்கள் வரைந்த எல்லைக்குள் தரையின் உயரம் என்ன, சரிவு என்ன என்று பார்க்கும், பட்டியலில் இருக்கிற மரத்தையும் பாறையையும் தூவும். அவ்வளவுதான் அதன் வேலை. நிலம் தப்பாக இருந்தால் தப்பான நிலத்தில் சரியாகத் தூவும்.

இதே குடும்பத்து விளையாட்டுகளையே பாருங்கள். 1996-இல் வந்த டாகர்ஃபால் நிலப்பரப்பு பெரும்பாலும் கணினி பெற்றுப்போட்டது. பிரம்மாண்டம், ஆனால் எங்கே போனாலும் ஒரே முகம். 2002-இன் மாரோவிண்ட் சின்னது, கையால் செய்தது, ஒவ்வொரு மேடும் நினைவில் நிற்கும். 2006-இல் ஆப்ளிவியனில் இரண்டையும் கலந்தார்கள்: காட்டைக் கணினி தூவியது, பிறகு மனிதர்கள் போய்த் திருத்தினார்கள். இன்று உங்கள் கையில் இருக்கிற ரீஜன் எடிட்டர் அந்த வழியில் வந்ததுதான். அந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டால் டாகர்ஃபால்தான் மிஞ்சும்.

முதலில் மொட்டை மலை. ஸ்கைரிமில் நிலம் செல் என்கிற சதுரங்களாகப் பிரிந்திருக்கும்; ஒரு செல் என்பது பக்கத்துக்கு 4096 யூனிட், யூனிட் என்பது விளையாட்டின் நீள அளவு. ஒரு மீட்டருக்கு 70 யூனிட் என்று வைத்துக்கொண்டால் செல் ஒன்று ஏறக்குறைய 58 மீட்டர். பொதிகை உச்சியிலிருந்து புன்னைக்காயலுக்கு நேர்கோட்டில் சுமார் 95 கிலோமீட்டர். இருபதில் ஒன்றாகச் சுருக்கினால் 4.75 கிலோமீட்டர், அதாவது 81 செல். நல்ல அளவு, அதில் குறையில்லை. சிக்கல் உயரத்தில். நீள அகலத்தை 20 மடங்கு சுருக்கிவிட்டு உயரத்தை 4 மடங்கு மட்டும் சுருக்கினால், எல்லாச் சரிவும் ஐந்து மடங்கு செங்குத்தாகிவிடும். நிஜத்தில் 20 டிகிரி சரிவுள்ள மலைப்பக்கம் உங்கள் உலகத்தில் 61 டிகிரி. 30 டிகிரி இருந்தது 71 டிகிரி. மரத்துக்கு மேக்ஸ் ஸ்லோப், அதாவது அது முளைக்கக்கூடிய அதிகபட்சச் சரிவு, எவ்வளவு கொடுத்தீர்கள்? நீங்கள் அனுப்பிய படத்தில் 35 என்று இருக்கிறது. கணக்குப் போட்டால் நிஜத்தில் 8 டிகிரிக்கு மேல் சரிந்த எந்த இடத்திலும் மரம் முளைக்காது. களக்காடு முண்டந்துறைக் காடு முழுக்க மொட்டையடித்த கணக்குத்தான்.

மேக்ஸ் ஸ்லோப்பை 75 ஆக்கினால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். 70 டிகிரிச் சுவரில் மரம் நிற்பது பார்க்கச் சகிக்காது. உயரத்தை எட்டில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். 1868 மீட்டர் பொதிகை 233 மீட்டர் ஆகும். சின்னதாகத் தோன்றும், ஆனால் கீழிருந்து நடந்து போகிறவனுக்கு அது போதுமான மலைதான். உச்சியில் கொஞ்சம் மூட்டம் போட்டால் இன்னும் உயரமாகத் தெரியும். சரிவுகள் இரண்டரை மடங்குதான் கூடும்: 20 டிகிரி 42 ஆகும், 30 டிகிரி 55 ஆகும். மேக்ஸ் ஸ்லோப் 55 கொடுத்தால் காடு ஏறிவிடும், அதற்கு மேல் செங்குத்தானது பாறையாக நிற்கும். மலையில் இருக்க வேண்டியதும் அப்படித்தான். அருவி விழுகிற பாறையை நிலத்தை இழுத்துச் செய்யாதீர்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே 128 யூனிட் இடைவெளி, அவற்றின் உயர வித்தியாசம் 1016 யூனிட்டுக்கு மேல் பதிவாகாது. நிலத்தால் முழுச் செங்குத்து வராது, இழுத்த இழுப்பில் தரைமேல் ஒட்டியிருக்கிற படமான டெக்ஸ்சரும் ரப்பர் மாதிரி நீண்டுவிடும். அங்கே பாறை மாடல்களைக் கையால் அடுக்குவதுதான் வழி.

இன்னொரு யோசனையும் உண்டு, எனக்கு அதுதான் பிடிக்கும். எல்லா இடத்தையும் ஒரே அளவில் சுருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மலைப் பகுதியைக் கொஞ்சமாகச் சுருக்குங்கள், நடுச் சமவெளியை நறுக்குங்கள். பத்து கிலோமீட்டர் வயல் வழியாக நடக்க விளையாடுகிறவனுக்குப் பொறுமை கிடையாது. அதில் பேருந்தில் போகிற நமக்கே தூக்கம் வருகிறது.

உயர அடுக்கும் இங்கேதான். மலை முழுவதையும் குறிஞ்சி என்று ஒரே ரீஜனாகப் போட்டிருக்கிறீர்கள். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறுகிறபோது கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பீர்கள்: அடிவாரத்தில் முள்ளும் உலர்ந்த புதரும், கொஞ்சம் ஏறினால் இலை உதிர்க்கிற மரங்கள், இன்னும் மேலே போனால் வெயில் தரையைத் தொடாத பசுங்காடு. ஒரே ரீஜனுக்குள்ளேயே ஒவ்வொரு மரத்துக்கும் மின் ஹைட், மேக்ஸ் ஹைட் (முளைக்கிற குறைந்தபட்ச, அதிகபட்ச உயரம்) தனித்தனியாகக் கொடுக்கலாம். நிஜ மீட்டரை 70-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் யூனிட் வரும். 600 மீட்டர் என்றால் 5250. ஒரு மரம் முடிகிற உயரத்திலேயே அடுத்த மரத்தைத் தொடங்காதீர்கள்; கத்தியால் வெட்டிய கேக் மாதிரி தெரியும். ஐந்நூறு அறுநூறு யூனிட் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். திணை மயக்கம் என்று படித்தது இங்கே கைகொடுக்கும்.

இனி ஆறு. ஆற்றுக்குள் மரம் வராமலிருக்க மின் ஹைட் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது கடற்கரைக்குச் சரி. அங்கே தண்ணீர் ஒரே மட்டம், அதற்குக் கீழே மரம் வேண்டாம் என்றால் வராது. ஆனால் அந்த உயரம் நிலத்தின் அடிமட்டத்திலிருந்து எண்ணுகிற உயரம், தண்ணீரிலிருந்து அல்ல. தாமிரபரணி மேலிருந்து இறங்கி வருகிற ஆறு. சேரன்மகாதேவியில் ஆற்றின் தரை ஸ்ரீவைகுண்டத்தின் வயலைவிட உயரத்தில் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்து வயலுக்குப் பொருந்துகிற மின் ஹைட், சேரன்மகாதேவி ஆற்றுக்குள் தாராளமாக மரம் நடும். எந்த நம்பர் கொடுத்தாலும் ஓர் ஊரில் சரியாகும், மறு ஊரில் கெடும்.

இதற்கு வழி, ஆற்றுக்கென்று ஒல்லியாக ஒரு தனி ரீஜன். இரு கரைக்கும் பொருந்துகிற மாதிரி பொறுமையாகப் புள்ளி வைத்து வரையுங்கள். அதன் பிரையாரிட்டியை மற்ற ரீஜன்களைவிட உயர்த்தி, மற்றவற்றை மீறுகிற ஓவர்ரைடு கட்டத்தை டிக் செய்து, மரம் ஒன்றும் இல்லாத பட்டியல் கொடுங்கள். வேண்டுமானால் சில உருண்டைக் கற்கள் போடலாம். அதை ஒட்டி இரு பக்கமும் இன்னொரு ஒல்லி ரீஜன், அதில் மருதமரம். கரையில் வேர் தெரிய நிற்கிற பெரிய மருதம் இல்லாமல் அது தாமிரபரணி ஆகாது.

தண்ணீர் மட்டத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. இந்த விளையாட்டில் வெளிநிலத் தண்ணீர் சரிவாக ஓடாது. ஒரு செல்லுக்கு ஒரு மட்டம். அடுத்த செல்லுக்கு மட்டத்தைக் குறைத்தால் எல்லையில் தண்ணீர்த் தகடு வெட்டுப்பட்டுத் தெரியும். பலர் இதை மறைக்கப் பாறையையும் நுரையையும் அள்ளிப் போடுகிறார்கள். நமக்கு அந்தப் பாடு இல்லை. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு இருக்கிறதே: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொன்றையும் செல் எல்லையில் குறுக்கே வையுங்கள். மேல் செல்லில் தண்ணீர் தளும்பி நிற்கும், கீழ் செல்லில் ஒரு முழம் இறங்கியிருக்கும், வெட்டு இருக்கிற இடத்தில் கல்கட்டு இருக்கும்.  

அணைக்கட்டு வந்தாலே கால்வாய் வந்துவிடும். உங்கள் ஐந்து ரீஜன்களில் பெரிய தப்பு இங்கேதான் இருக்கிறது. மருதத்துக்கு நீங்கள் வரைந்த எல்லை, ஆற்றுக்கு இரு பக்கமும் சம தூரத்தில் ஓடுகிற அழகான வளைவு. அப்படி ஒரு எல்லை நம் ஊரில் எங்குமே கிடையாது.

வீரவநல்லூர்ப் பக்கம் கன்னடியன் கால்வாய்க் கரையில் ஒரு தடவை நின்று பாருங்கள். ஒரு பக்கம், ஆற்றை நோக்கி இறங்குகிற பக்கம், வயலும் வாழையும். மறுபக்கம் கரையிலிருந்து நாலெட்டு மேலே வைத்தால் செம்மண், உடைமரம், ஆடு. நடுவில் இருப்பது ஒரு கால்வாயின் அகலம்தான். கால்வாய் நிலத்தின் மட்டத்தை ஒட்டி, சரிவு மிகக் குறைவாக ஓடுகிறது. தண்ணீர் மேலே ஏறாது. ஆகவே கால்வாய்க்குக் கீழே நஞ்சை, மேலே புஞ்சை. பச்சையும் சிவப்பும் சந்திக்கிற கோடு அந்தக் கால்வாய்தான். மேடு வந்தால் சுற்றிப் போகும், பள்ளம் வந்தால் உள்ளே வளையும். ஓர் இடத்தில் ஆற்றுக்குப் பக்கத்திலேயே புஞ்சை வந்துவிடும், இன்னோர் இடத்தில் நஞ்சை வெகு தூரம் விரிந்திருக்கும்.

அதனால் முதலில் கால்வாயை வரையுங்கள். கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளில் ஹைட்மேப்பைத் திறந்து, அணைக்கட்டு இருக்கிற இடத்தின் உயரத்தில் தொடங்கி சமஉயரக் கோட்டைப் பின்பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்குங்கள். அந்தக் கோடுதான் மருத ரீஜனின் எல்லை. எட்ஜ் ஃபால்-ஆஃப் என்று ஒன்று இருக்கிறதல்லவா, ஓரத்தில் மரம் மெல்லக் குறைய வைப்பது, அதை இங்கே பூஜ்யமாக்குங்கள். மலையில் மயக்கம் வேண்டும் என்றேன், கால்வாய்க் கரையில் மயக்கமே கிடையாது. ஒரு கால் சேற்றில், ஒரு கால் புழுதியில்.

சமவெளி நாற்று நட்ட மாதிரி இருப்பதற்குக் காரணம், அங்கே சரிவுச் சோதனைக்கு வேலையே இல்லை. எல்லாம் தட்டை, எல்லா இடமும் தேர்வாகிறது, எனவே எங்கும் சமமாக விழுகிறது. கிளஸ்டரிங்கைக் கூட்டி டென்சிட்டியைக் குறைத்தால் கூட்டம் கூட்டமாக விழும். உடைமரத்துக்கும் சீமைக் கருவேலத்துக்கும் அது பொருந்தும். ஒரு பொருளுக்குக் கீழே இன்னொரு பொருளைப் பிள்ளையாக வைக்கவும் முடியும்: பெரிய பாறையைப் பெற்றோராக வைத்து, அதன் அடியில் கள்ளியும் சின்னக் கற்களும் பிள்ளைகளாக வைத்தால் தனித்தனியாகத் தூவியதைவிட இயல்பாக இருக்கும். சீமைக் கருவேலம் கண்ட இடத்தில் வேண்டாம். வற்றிய குளத்து உட்புறத்துக்கு ஒரு சின்ன ரீஜன் வரைந்து அங்கே அடர்த்தியாகப் போடுங்கள். உங்கள் கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ராஜாக்கள் காலம் என்றால் அந்த மரமே இருக்கக்கூடாது.

பனையை ஜெனரேட்டரிடம் ஒப்படைக்காதீர்கள். பனை வரிசைக்கு நிற்கும்: வரப்பில், குளத்தங்கரையில், வண்டிப்பாதை ஓரத்தில். தூவுகிற கருவிக்கு வரிசை தெரியாது. நான் முதலில் செய்த உலகத்தில் சோம்பலில் பனையையும் தூவிவிட்டேன். திறந்து பார்த்தபோது அது எங்கள் ஊராகவே இல்லை, யாரோ ஒருவர் பனங்கொட்டையை ஹெலிகாப்டரிலிருந்து கொட்டிய தீவு மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வரப்பு வரப்பாகக் கையால் நட்டேன். இரண்டு வாரம் போனது. இன்றைக்கும் அந்த உலகத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது பனையைத்தான்.

குளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எடுத்த உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்தது, நம் பகுதிக்கு 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மலைக்கு அது தாராளம். குளக்கரைக்குப் போதாது, கரையின் அகலமே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். தவிர அந்த ரேடார் மரத்தின் தலையையும் ஓரளவு தரையாகவே எடுத்துக்கொள்ளும், ஆகவே ஆற்றோரத் தோப்புகள் உங்கள் ஹைட்மேப்பில் பொய்யான மேடுகளாக நிற்கும். ஏற்றுவதற்கு முன் சமவெளியை மட்டும் ஸ்மூத் செய்துவிட்டு, கரைகளை கிரியேஷன் கிட்டிலேயே கையால் எழுப்புங்கள். ஒரே செல்லுக்குள் இரண்டு குளம் வெவ்வேறு மட்டத்தில் வந்தால் செல் தண்ணீர் ஒன்றுக்குத்தான் ஆகும். மற்றதற்குத் தண்ணீர்த் தகட்டைத் தனிப் பொருளாக வைக்க வேண்டும்.

அந்தரத்தில் நிற்கிற மரத்துக்கு வருகிறேன், இது ஒன்றுதான் உண்மையிலேயே நம்பர் விஷயம். மரத்தின் அடி தட்டையானது. சரிவில் வைத்தால் மேல்பக்கம் புதையும், கீழ்பக்கம் தூக்கி நிற்கும். அடிமரத்தின் ஆரம் 40 யூனிட், சரிவு 45 டிகிரி என்றால் கீழ்ப்பக்க இடைவெளியும் 40 யூனிட், அரை மீட்டருக்கு மேல். சிங்க் என்கிற கட்டத்தில் அதற்கேற்ற அளவைக் கொடுங்கள், மரம் அவ்வளவு கீழே இறங்கும். கன்ஃபார்ம் டு ஸ்லோப் என்பதைப் பாறைக்கு மட்டும் டிக் செய்யுங்கள். மரத்துக்குச் செய்தால் மலை மரமெல்லாம் கள்ளுக்கடையிலிருந்து வருகிற மாதிரி சாய்ந்து நிற்கும்.

புல்லை ரீஜன் பட்டியலில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். புல் தரை டெக்ஸ்சரோடு கட்டப்பட்டது, விளையாடும்போது அதுவே முளைக்கும். செம்மண் டெக்ஸ்சருக்குப் புல் இணைக்காமல் விடுங்கள், வயல் டெக்ஸ்சருக்கு இணையுங்கள், முடிந்தது. செல்லின் ஒவ்வொரு கால் பகுதிக்கும் இத்தனை டெக்ஸ்சர் அடுக்குதான் என்று வரம்பு உண்டு. கால்வாய்க் கரையில் வயல், சேறு, செம்மண், சரளை என்று ஆசைப்பட்டு அடுக்கினால் கறுப்புச் சதுரங்கள் தோன்றும்.

பாலை விஷயத்தில் உங்களுக்குக் குழப்பம் என்று எழுதியிருந்தீர்கள், எங்கே வரைவது என்று. தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் கொடுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு பாலையாகும் என்று சொல்வது சிலப்பதிகாரம். உங்களுக்கும் அது வசதி. மரம் எதுவும் இல்லாமல், வானிலைக்கான வெதர் பக்கத்தை மட்டும் நிரப்பிய ஒரு ரீஜனாகப் பாலையைப் போட்டுப் புஞ்சையின் மேல் விரியுங்கள். குற்றாலப் பக்கம் சாரல், மூட்டம். மலையை விட்டு விலக விலக வானம் வெளுத்து, காற்று மட்டும் மிச்சம். ஆனி, ஆடியில் தென்காசியில் நனைந்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்தால் சட்டை தானாகக் காய்ந்து, கண்ணில் மண் விழுமே, அதேதான். காற்றாலைகளை விட்டுவிடுங்கள், டிராகன் இடித்துக்கொள்ளும்.

பாலை கண்ணுக்கு நிலமாகவே தெரிய வேண்டுமென்றால் நம்மிடம் தேரி இருக்கிறது. சாத்தான்குளம், காயாமொழிப் பக்கத்துச் செம்மணல் மேடுகள். அங்கே கடல் பக்கத்திலேயே இருக்கிறது, நெய்தலை ஒட்டிப் பாலை. ஹைட்மேப்பில் அந்தப் பகுதிக்கு மென்மையான அலையலையான மேடுகளைச் சேருங்கள், முந்திரியும் உடையும் குறைந்த டென்சிட்டியில் தூவுங்கள், பனை வழக்கம்போல் கையால். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சுனை வையுங்கள். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தால் தெரியும், சிவப்பு மணலுக்கு நடுவே திடீரென்று தண்ணீரும் நிழலும். அதை எந்த ஜெனரேட்டரும் தராது, ஒரு செல்லைக் கையால் செய்துவிடுங்கள்.

வேலை வரிசை முக்கியம். ஹைட்மேப், தண்ணீர் மட்டம், தரை டெக்ஸ்சர், ரீஜன், ஜெனரேட், பிறகுதான் கைவேலையும் வீடும் கோயிலும். நான் ஒரு தடவை ஊரைக் கட்டிவிட்டு ஜெனரேட் கொடுத்தேன், ஒரு வீட்டு அடுப்படியில் புளியமரம் முளைத்திருந்தது. ஒவ்வொரு முறை அழுத்துவதற்கு முன்னும் உங்கள் வேலையெல்லாம் பதிவாகிற பிளகின் ஃபைலைத் தேதி போட்டு வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். நேவ்மெஷ், அதாவது பாத்திரங்கள் நடக்க வழி காட்டுகிற வலை, அதற்கும் பின்னால். தூரக் காட்சிக்கான எல்ஓடியை எல்லாம் முடிந்த பிறகு எக்ஸ்எல்ஓடிஜென் என்கிற கருவியில் ஒரே தடவையாகச் செய்துகொள்ளலாம்.

81 செல் நீளத்தையும் ஒரேயடியாக மறுபடி ஜெனரேட் செய்யாதீர்கள். வீரவநல்லூரை ஒட்டி ஆறுக்கு ஆறு செல் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஆறும் ஒரு கால்வாயும் ஒரு குளமும் நஞ்சையும் புஞ்சையும் வந்துவிடும். கால்வாய்க் கரையில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் படம் எடுத்து அனுப்புங்கள், அதைப் பார்த்து மீதி நம்பரைச் சொல்கிறேன்.